வாக்குரிமை இல்லாத வால்வு

உணவுப் பரிசோதகர் ஃபியோனா கை கழுவும் தொட்டியின் குழாயைத் திறந்து விரலை நீட்டினார். ஜூலை மாதம், ஆக்லாந்தில் நடுக் குளிர்காலம். நீட்டிய விரலை உடனே எடுத்துக்கொண்டார்.

"வெந்நீர் எங்கே?"

"கேத்தலில் இருக்கிறது," என்றாள் சாந்தகுமாரி.

"கேத்தல் குழாய் ஆகாது."

"ஊற்றினால் வருகிறதே."

"குழாயைத் திறந்தால் வர வேண்டும். சமைக்கிறவர்கள் கை கழுவுவதற்கு."

இருவரும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டார்கள். சாந்தகுமாரியின் ஆங்கிலம் புக்கெகோஹியில் வெங்காயம் தரம் பிரிக்கும் கொட்டகையில் கற்றது. அங்கே பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். நீண்ட வாக்கியம் பேசினால் நாலு அழுகல் வெங்காயம் தப்பிப் போய்விடும்.

"பிப்ரவரியில் திரும்ப வருவேன்," என்றார் ஃபியோனா. "அப்போதும் இப்படியே இருந்தால் இந்தச் சமையலறையை மூடச் சொல்ல வேண்டியிருக்கும். உங்கள் பருப்பு மிகவும் நன்றாக இருந்தது."

அதிகாரிகள் அன்பாகப் பேசும்போதுதான் கவனமாக இருக்க வேண்டும்.

ஒடாஹுஹு ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் இருந்த அந்த மண்டபம், முன்பு தேவாலயத்துடையது. இப்போது, இந்த நாட்டின் பழங்குடிப் பெயரைத் தமிழாக்கி வைத்துக்கொண்ட நீள்வெண்முகில் நாட்டுத் தமிழர் பண்பாட்டுப் பேரவையுடையது. ஆண்டு முழுவதும் பேரவை பல பணிகளைச் செய்தது. அவற்றில் சாப்பிடக்கூடியது ஒன்றே ஒன்று. சனிக்கிழமை மதியச் சாப்பாடு. சோறு, பருப்பு, இரண்டு கறி, தேங்காய்ச் சம்பல். நாற்பத்து மூன்று பேர் வருவார்கள், எல்லோரும் எழுபது தாண்டியவர்கள். சாந்தகுமாரி வெள்ளிக்கிழமை வேலை முடிந்து அப்படியே ரயிலேறி வந்து காய் வெட்டி வைத்துவிட்டுப் போவாள்.

சாப்பிட வருகிறவர்களில் மூத்தவர் ஜெயரட்ணம். ஊரில் ரயில் கார்டாக இருந்தவர். வாரத்தில் ஆறு நாள் தனி அறையில் வானொலியோடு சாப்பிடுவார். ஏழாம் நாள் இங்கே வந்து, சாப்பாட்டுக்குக் குறை சொல்வார்.

"என்னவாம் வெள்ளைக்காரி?" என்று கேட்டார்.

"சுடுதண்ணி வராட்டி குசினியைப் பூட்டச் சொல்லுறா, ஐயா."

"எப்ப?"

"பெப்ரவரியிலை."

ஜெயரட்ணம் தட்டைப் பார்த்தார். "ஏழு மாசம் கிடக்கு. ஒரு குழாய்க்கு ஏழு மாசம் காணும்தானே?"

"ஓம் ஐயா. ஆனா பேரவையிட்டை எல்லே கேக்கவேணும்."

"ஓ," என்றார் ஜெயரட்ணம். "அப்ப காணாது."

* * *

மண்டபத்தில் வெந்நீர் இல்லாமல் இல்லை. பின் அறையில் கேஸ் பாய்லர் ஒன்று இருந்தது. குளிர்காலத்தில் அது தண்ணீரைச் சூடாக்கி, சுவரோரம் நின்ற ஐந்து ரேடியேட்டர்களுக்குள் சுற்றவிட்டு, மண்டபத்தைக் கதகதப்பாக வைத்தது. நல்ல சூடான தண்ணீர்தான். இரும்புக்குள்ளேயே சுற்றிக்கொண்டு, தேவைப்பட்ட யாருடைய கைக்கும் வராமல் இருந்தது. பேரவையிடம் இருந்த மற்ற நல்ல விஷயங்களும் அப்படித்தான் இருந்தன.

சாந்தகுமாரி பிளம்பர் வெற்றியைக் கூட்டி வந்து காட்டினாள். மதுரைக்காரன். இங்கே வந்து மறுபடி படித்து உரிமம் எடுத்தவன்.

"இவ்வளவுதானாக்கா? பாய்லர் இருக்கு, பைப்பு இருக்கு. பக்கத்துல ஒரு சிலிண்டர் நிப்பாட்டுவோம், நல்லாப் போர்வை சுத்துன தண்ணித் தொட்டி. அதுக்குள்ள ஒரு சுருள் குழாய். பாய்லரு சூடு சுருளுக்குள்ள போகும், சுத்தியிருக்குற தண்ணி சுடும். அந்தத் தண்ணி உங்க குழாய்க்கு வரும்."

"வெயில் காலத்திலை, தம்பி? அப்ப ரேடியேட்டர் தேவையில்லையே."

"அதுக்குத்தான் நடுவுல ஒரு வால்வு. ரேடியேட்டரை மூடிட்டு சிலிண்டருக்கு மட்டும் விடும். கவுன்சில் பேப்பரெல்லாம் நான் பாத்துக்குறேன். ரெண்டு நாள் வேலைக்கா."

சாந்தகுமாரி அந்த இரண்டு நாளை நம்பி வீட்டுக்குப் போனாள்.

ஆகஸ்டில் விண்ணப்பம் கொடுத்தாள். 'வெந்நீர்' தங்கள் ஊர்ச் சொல் இல்லை என்று செயற்குழுவில் பாதிப் பேர் அதைத் திருப்பி அனுப்பினார்கள். 'சுடுதண்ணீர்' என்று எழுதிக் கொடுத்ததும் மற்றப் பாதிப் பேர் திருப்பி அனுப்பினார்கள். இரண்டையும் எழுதிய மூன்றாவது விண்ணப்பம் ஏற்கப்பட்டது. ஆனால் அது பரிசீலனைக்கு வரும் முன் கூட்டம் தொடங்க வேண்டியிருந்தது. பேரவையில் கூட்டம் தொடங்குவது தனிக் காரியம். மங்கல விளக்கு, அகவணக்கம் என்னும் மௌன அஞ்சலி, வாழ்த்துப் பாடல், வரவேற்புரை. கூட்டம் கணினியில் நடந்ததால் பதினொரு வீடுகளிலும் பதினொரு விளக்கு ஏற்றப்பட்டது. செயலாளர் ஆரணன் வீட்டில் புகை மணி அலறியது. அதையும் அவர் குறிப்பில் ஏற்றினார்.

செப்டம்பரில் நீர்வெப்ப உபகுழு அமைக்கப்பட்டது. ஏழு பேர், ஏழு பேரும் பொறியாளர்கள்: நாலு பேர் மென்பொருள், இரண்டு பேர் பாலம், ஒருவர் வங்கி. அவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பாய்லரைப் பார்வையிட்டார்கள். பாய்லருடன் படம் எடுத்துக்கொண்டார்கள். பாய்லர் இருப்பது உறுதி செய்யப்பட்டது என்று அறிக்கை கொடுத்தார்கள்.

அக்டோபரில் வெற்றி விளக்கம் சொல்ல அழைக்கப்பட்டான். ஐந்து நிமிடம், நாலாவது நிமிடத்தில் மணி அடிக்கும். அவன் வரைபடத்தைத் திரையில் காட்டினான். தலைவர் முனைவர் ரவிசங்கர் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுப் பார்த்தார்.

"நடுவில் சின்னதாக ஒன்று தெரிகிறதே, அது என்ன தம்பி?"

"வால்வு சார். ஹாலுக்குச் சூடு வேணும்னா அந்தப் பக்கம் திறக்கும். சிலிண்டர்ல தண்ணி ஆறிருச்சுன்னா இந்தப் பக்கம் திறக்கும்."

"யார் திறப்பார்கள்?"

"யாரும் வேணாம் சார். உள்ள சின்ன மோட்டார் இருக்கு. அதுவே முடிவு பண்ணிக்கும்."

வெற்றி நல்ல பிளம்பர். ஆனால் எந்தச் சபையிலும் எதைச் சொல்லக்கூடாது என்று அவனுக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை.

"அதுவே," என்றார் தலைவர்.

"முடிவு," என்றார் ஆரணன்.

நாலாவது நிமிட மணி அடித்தது. ஆரணன் பேரவையின் யாப்பை எடுத்தார். அந்தச் சட்டப் புத்தகத்தை அவர் பிளாஸ்டிக் உறை போட்டு, எங்கே போனாலும் கையோடு வைத்திருப்பார்.

"பதினாலாம் பிரிவு, மூண்டாம் உபபிரிவு. மண்டபத்தின் வெப்பமூட்டல் பற்றிய சகல தீர்மானங்களும் செயற்குழுவுக்கே உரியவை. வால்வு எண்டு இதிலை ஒரு இடத்திலையும் இல்லை."

முனைவர் ரவிசங்கர் தொண்டையைச் செருமினார். மற்றவர்கள் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்கள்.

"நண்பர்களே, நான் வால்வுக்கு எதிரானவன் அல்ல. என் வீட்டிலேயே வால்வு இருக்கிறது. ஆனால் என் வீட்டில் ஜனநாயகம் இல்லை, இங்கே இருக்கிறது. பதினெட்டு ஆண்டுகளாக இந்த மண்டபத்தில் ஒரு ஜன்னலைத் திறப்பதென்றாலும் நாம் கூடித்தான் முடிவெடுத்திருக்கிறோம். சில சமயம் முடிவெடுப்பதற்குள் குளிர்காலம் வந்திருக்கிறது. அதற்காக நாம் நம் மரபை விட்டோமா? இன்றைக்கு ஒரு பொருள் வருகிறது. சந்தா கட்டவில்லை. பொதுக்கூட்டத்துக்கு வந்ததில்லை. அது நாம் உறங்கும் நேரத்தில் தானாகவே பார்த்து, தானாகவே உணர்ந்து, தேவைப்பட்ட இடத்துக்குத் தேவைப்பட்டதை உடனே அனுப்பிவிடும் என்கிறார் இந்தத் தம்பி. அப்படியென்றால் நான் கேட்கிறேன், நாம் எதற்கு?"

கேள்வி சரியானது என்பதால் ஆரணன் உடனே வாக்கெடுப்புக்குப் போனார்.

வால்வுக்கு வாக்குரிமை இல்லை, வாக்குரிமை இல்லாத எதுவும் முடிவெடுக்கக் கூடாது, ஆகவே வால்வு நீங்கலாகத் திட்டம் ஏற்கப்படுகிறது என்று தீர்மானம் வந்தது. எதிர்க்க இருந்த இருவருக்கு இணைய இணைப்பு அறுந்தது. அவர்கள் திரும்பி வந்தபோது தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியிருந்தது.

சாந்தகுமாரி மூலையில் ஒரு சதுரத்தில் தெரிந்தாள். கையைத் தூக்கினாள்.

"தலைவர் ஐயா, தண்ணி சுடுமோ?"

"சுடாமல் இருக்குமா அம்மா? ஹீட்டிங் ஓடும்போது தண்ணீரும் சுடும். இரண்டும் ஒரே பாய்லர்தானே."

"பெப்ரவரியிலை ஆர் ஹீட்டிங் போடுவினம்?"

"அதை அப்போது செயற்குழு முடிவு செய்யும்," என்றார் தலைவர், பரிவாக.

கூட்டம் முடிந்ததும் வெற்றி சாந்தகுமாரிக்குப் போன் செய்தான்.

"அக்கா, கவுன்சில்ல பாஸான பிளான்ல வால்வு இருக்கு. அது இல்லாம முடிஞ்சதுன்னு நான் கையெழுத்துப் போட முடியாது."

"இப்ப என்ன செய்யிறது தம்பி?"

"இப்போதைக்கு நேராக் குழாய் போட்டு விட்டுர்றேன். வால்வு உக்கார்ற இடத்தை அப்படியே விட்டு வைக்கிறேன். வால்வு வேன்ல கெடக்கட்டும்."

* * *

நவம்பர் முழுவதும் பெயர்ப் பலகைக்குப் போனது. பித்தளைப் பலகை, இருபத்திரண்டு பெயர்கள். பிளம்பரின் பெயரும் சமையல்காரியின் பெயரும் இடப் பற்றாக்குறையால் விடுபட்டன. டிசம்பரில் விடுமுறை. ஜனவரியில் வெற்றி வந்து சொன்னபடி இரண்டே நாளில் சிலிண்டரை நிறுத்திவிட்டுப் போனான். அவன் அவ்வளவு சீக்கிரம் முடித்தது உபகுழுவுக்கு வருத்தமாக இருந்தது.

பிப்ரவரியில் ஃபியோனாவிடமிருந்து மின்னஞ்சல் வந்தது: இரண்டாவது சனிக்கிழமை, பதினொன்றரை மணிக்கு வருகிறேன்.

"நல்லதாப் போச்சு," என்றார் ஆரணன். "அண்டைக்கே திறப்பு விழாவை வைப்பம். அவவையே சிறப்பு விருந்தினரா அறிவிச்சிடலாம். பொன்னாடை ஒண்டு எடுக்கவேணும்."

"தம்பி, அவ விழாவுக்கு வரேல்லை. குழாயைப் பாக்க வாறா."

"விழாவிலை குழாயும் இருக்கும்தானே அக்கா."

வியாழக்கிழமை சாந்தகுமாரி மறுபடி ஆரணனைக் கூப்பிட்டாள். மண்டபச் சுவரில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. மண்டபம் குளிர்ந்தால் பாய்லரை எரியச் சொல்லும், சூடானால் நிறுத்தச் சொல்லும் தெர்மோஸ்டாட் அதற்குள் இருந்தது. யாரும் கை வைக்காதபடி அதைத் துளை போட்ட பிளாஸ்டிக் கூட்டுக்குள் பூட்டி வைத்திருந்தார்கள்.

"அந்தப் பெட்டித் திறப்பை ஒருக்காத் தாங்கோ தம்பி. சனிக்கிழமை மட்டும் கூட்டி வைக்கவேணும்."

"பத்தொன்பது பாகையிலை வைக்கிறதெண்டு முதலாவது தலைவர் காலத்துத் தீர்மானம், அக்கா. மாத்திறதெண்டா விசேட பொதுக்கூட்டம். இருபத்தொரு நாள் அறிவித்தல் குடுக்கவேணும்."

"ஃபியோனா நாளையிண்டைக்கு வாறா."

"அது எங்கடை யாப்பிலை இல்லையே," என்றார் ஆரணன். அவர் கெட்டவர் அல்ல. அவருக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. பெட்டிச் சாவி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

* * *

சனிக்கிழமை காலை ஒன்பதரை. வெளியே ஆக்லாந்தின் பிப்ரவரி வெயில். காற்றில் பிழிந்தால் தண்ணீர் வரும். மண்டபத்தில் வாழைக்குப் பதிலாகச் சோளத்தட்டைகள் கட்டியிருந்தார்கள். கை கழுவும் தொட்டியின் குழாயில் சிவப்பு நாடா, குஞ்சலத்தோடு. சாந்தகுமாரி நாடா இல்லாத பாத்திரத் தொட்டிக் குழாயைத் திறந்தாள். விரலை நீட்டினாள். ஜூலையில் ஃபியோனா எடுத்த வேகத்தில் எடுக்கத் தேவையிருக்கவில்லை. ஆனாலும் பச்சைத் தண்ணீர்.

போனை எடுத்தாள்.

"வெற்றி, தண்ணி சுடேல்லை."

"ஹால்ல இப்ப என்ன டிகிரிக்கா?"

"இருபத்தேழு காட்டுது."

"பெட்டி பத்தொன்பதுல இருக்கு. ஹாலு ஏற்கெனவே சூடா இருக்குன்னு அது நெனைக்குது. பாய்லரை எரிய விடாது. வால்வு இருந்தா சிலிண்டருக்குத் தனியாக் கேட்டு வாங்கியிருக்கும்."

"அப்ப அதுக்குக் குளிரவேணும்."

"ஹாலுக்கா? இந்த வெயில்லயா?"

"ஹாலுக்கில்லை. பெட்டிக்கு."

போனில் வெற்றி சிரிப்பது கேட்டது. "யக்கா... உறைஞ்சது ஏதாச்சும் இருக்கா?"

இருந்தது. சம்பலுக்கென்று நாலு பொட்டலம் துருவிய தேங்காய், உறைபெட்டியில், செங்கல் மாதிரி. சாந்தகுமாரி ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனாள். முதல் வரிசையில் ஜெயரட்ணம் ஒருவர்தான் வந்து உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, இந்தப் பெட்டிக்குப் பக்கத்திலை ஒருக்கா நிக்கிறியளோ?"

"ஏன்?"

"இதை அதோடை அணைச்சுப் பிடிக்கவேணும். ஒருத்தரும் பாக்கக்கூடாது."

"எவ்வளவு நேரம்?"

"ஃபியோனா வருமட்டும்."

ஜெயரட்ணம் பொட்டலத்தை வாங்கிப் பார்த்தார். "இது சம்பலுக்கு வைச்ச தேங்காய்ப்பூ எல்லே?"

"ஓம்."

"அப்ப இண்டைக்குச் சம்பல்?"

"இது சரிவராட்டி இனி எண்டைக்குமே சம்பல் இல்லை, ஐயா."

அவர் மறுபேச்சில்லாமல் எழுந்து போய்ச் சுவரோடு சாய்ந்து நின்றார். முப்பத்தொரு வருடம் ரயிலின் கடைசிப் பெட்டியில் நின்று பழகிய மனிதர். நிற்கச் சொன்ன இடத்தில் நிற்கத் தெரியும். ஐந்து நிமிடத்தில் பின் அறையில் 'தப்' என்று ஒரு சத்தம் கேட்டது. பாய்லர் எரியத் தொடங்கிவிட்டது.

சிலிண்டர் சூடேறியது. கூடவே, இடையில் தடுக்க வால்வு இல்லாததால், ஐந்து ரேடியேட்டர்களும் சூடேறின.

பத்தரைக்கு மண்டபம் நிறைந்தது. பட்டுச் சேலைகள், வேட்டிகள், கோட்டுகள். விளக்கேற்றினார்கள். இன்னும் கொஞ்சம் சூடு கூடியது. அகவணக்கத்தின்போது யாரோ நாற்காலியோடு சரியும் சத்தம் கேட்டது; அகவணக்கம் என்பதால் யாரும் திரும்பவில்லை. அழைப்பிதழ்கள் எல்லாம் விசிறிகளாயின. பாலப் பொறியாளர் ஒருவர் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஆரணனிடம் குனிந்தார்.

"தம்பி, இது எரியுது."

"எரியேலாது. பத்தொன்பதிலை பூட்டியிருக்கு," என்றார் ஆரணன். சாவியை எடுத்துக் காட்டினார்.

"கை சுட்டுப் போச்சு."

"எழுத்திலை தாங்கோ. அடுத்த கூட்டத்திலை எடுக்கலாம்."

தலைவர் மேடையேறினார். பட்டு ஜிப்பா ஏற்கெனவே முதுகோடு ஒட்டியிருந்தது.

"இந்த அரங்கில் நுழைந்ததும் ஒரு வெப்பத்தை உணர்கிறீர்கள் அல்லவா?" என்று தொடங்கினார். "உணர்கிறோம்" என்று பின்வரிசையிலிருந்து நாலைந்து பேர் முனகினார்கள். "அது வெறும் வெப்பம் அல்ல. அது பேரவையின் அரவணைப்பு. நம் முன்னோர் தண்ணீரைச் சூடாக்கினார்கள். அது எளிது, விறகு இருந்தால் போதும், எந்த மூதாட்டியும் செய்துவிடுவாள். ஆனால் ஏழு மாதம் ஆய்ந்து, பதினாறு முறை கூடி, ஒரு துளி தண்ணீரும் சுடுவதற்கு முன்பே இருநூற்றுப் பத்துப் பக்கம் அறிக்கை கொடுத்த இனம் வேறு எங்காவது உண்டா?"

கைதட்டினால் கொஞ்சம் காற்று வரும் என்று கண்டுபிடித்த கூட்டம் விடாமல் தட்டியது. தலைவர் அதைத் தவறாக எடுத்துக்கொண்டு உரையை நீட்டினார்.

பெட்டியருகே ஜெயரட்ணத்தின் சட்டைக் கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. சாந்தகுமாரி இரண்டாவது பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்து, இளகியதை வாங்கிப் போனாள். பிறகு மூன்றாவது. இந்த வெக்கையில் ஒரு பொட்டலம் இருபத்தைந்து நிமிடம்தான் நின்றது.

பதினொன்றரை ஆயிற்று. ஃபியோனா வரவில்லை. பதினொன்று நாற்பது. போனில் ஒரு செய்தி: நெடுஞ்சாலையில் விபத்து, தாமதமாகும், மன்னிக்கவும்.

"நாலாவதும் தண்ணியாப் போச்சு, பிள்ளை," என்றார் ஜெயரட்ணம் வாயசையாமல். "வேறை என்ன கிடக்கு?"

"ஒண்டும் இல்லை, ஐயா."

"வடிவாப் பார்."

உறைபெட்டியின் அடியில் ஒரு பொட்டலம் முருங்கைக்காய் இருந்தது. இரண்டு விரல் நீளத் துண்டுகள், பாளம் பாளமாக உறைந்திருந்தன. ஆனால் அது சுவரில் ஒட்டி நிற்கவில்லை, நழுவியது. ஜெயரட்ணத்துக்கோ கை மரத்துப் போயிருந்தது, உட்காராவிட்டால் விழுந்துவிடுவார். சாந்தகுமாரி சுற்றும் முற்றும் பார்த்தாள். மேடையோரத் தட்டில் ஃபியோனாவுக்கான பொன்னாடை மடித்து வைத்திருந்தது. எடுத்தாள். முருங்கைக்காயைப் பெட்டியோடு சேர்த்து இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். சரிகை வெளியே தெரிந்தது. பேரவை மண்டபத்தில் எதற்குப் பொன்னாடை போர்த்தியிருந்தாலும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

பன்னிரண்டே காலுக்கு ஃபியோனா வந்தார். வாசலில் நின்றதும் அவர் கண்ணாடி மங்கியது.

"கடவுளே," என்றார். "இங்கே யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"விழா," என்றாள் சாந்தகுமாரி. "குழாய் இந்தப் பக்கம்."

தலைவர் மேடையிலிருந்து அவரைக் கண்டார். "இதோ! நம் சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார்," என்று ஒலிபெருக்கியில் அறிவித்து, உரையைச் சுருக்கி இன்னும் பதினைந்து நிமிடத்தில் முடிப்பதாகச் சொன்னார். அதற்குள் ஃபியோனா சமையலறைக்குள் போய்விட்டார். நாடாவைப் பார்த்தார். இது என்ன என்று கேட்டார். அலங்காரம் என்றாள் சாந்தகுமாரி. ஃபியோனா நாடாவை ஒரு விரலால் ஒதுக்கிவிட்டுக் குழாயைத் திறந்தார். ஒரு நிமிடம் ஓடவிட்டார். கம்பி போன்ற ஒரு தெர்மாமீட்டரைப் பிடித்தார்.

சாந்தகுமாரி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தச் சுவரில் சனிக்கிழமைக்கு வருகிறவர்களின் பெயர்ப்பட்டியல் ஒட்டியிருந்தது. யாருக்கு உப்புக் கூடாது, யாருக்கு உறைப்புக் கூடாது என்று அவளே எழுதியது.

"சரியாக இருக்கிறது," என்றார் ஃபியோனா. தாளில் எதையோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். "பருப்பு இருக்கிறதா?"

சாந்தகுமாரி கரண்டியை எடுத்தாள்.

மண்டபத்தில் தலைவர் உரையை முடித்துவிட்டுப் பொன்னாடையைத் தேடினார். தட்டில் இல்லை. ஆரணன் தேடினார். உபகுழு தேடியது. கடைசியில் சுவரில் கண்டார்கள். யார் கட்டியது, ஏன் என்று கேட்க நேரமில்லை. தலைவர் முடிச்சை அவிழ்த்தார். முருங்கைக்காய்ப் பொட்டலம் அவர் பாதத்தில் விழுந்தது. அவர் அதைப் பார்க்காத மாதிரித் தாண்டி வந்து, பருப்புக் கிண்ணத்தோடு நின்ற ஃபியோனாவின் தோளில் பொன்னாடையைப் போர்த்தினார். பொன்னாடை தொப்பலாக நனைந்து, சில்லென்று இருந்தது.

"ஆஹா," என்றார் ஃபியோனா கண்ணை மூடி. "எவ்வளவு அருமையான பழக்கம் உங்களுக்கு."

* * *

அன்று மாலையே அவசரக் கூட்டம். ஆரணன் பொட்டலத்தைச் சாட்சியாக மேசையில் வைத்திருந்தார்.

"அக்கா, செயற்குழுவின் அனுமதி இல்லாமல் பெட்டியிலை கை வைச்சிருக்கிறியள்."

"பெட்டியைத் திறக்கேல்லை, தம்பி. பத்தொன்பதையும் மாத்தேல்லை. பக்கத்திலை முருங்கைக்காய் வைச்சன்."

ஆரணன் யாப்பைப் புரட்டினார். முன்னும் பின்னும் புரட்டினார். முருங்கைக்காய் வைக்கக் கூடாதென்று எங்கும் இல்லை.

"தண்ணீர் சுட்டதா?" என்று கேட்டார் தலைவர்.

"சுட்டுது. பரிசோதகர் எழுதித் தந்திருக்கிறா."

தலைவரின் முகம் மெல்ல மலர்ந்தது. "அப்படியென்றால் வால்வு இல்லாமலே சுட்டிருக்கிறது."

"ஐயா, சனம் வெக்கையிலை..."

"வால்வு இல்லாமலே!" என்றார் தலைவர் கூட்டத்தைப் பார்த்து. "அன்று நான் சொன்னபோது பலர் ஐயப்பட்டார்கள். முருங்கைக்காய் தானாக எதையும் முடிவு செய்வதில்லை. நாம் வைத்தால் இருக்கும், எடுத்தால் போகும். இதுதான் மக்களாட்சி."

இனிச் சனிக்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு உறைந்த உணவுப் பொருள் ஒன்று முறைப்படி பெட்டியில் கட்டப்படும் என்று தீர்மானம் நிறைவேறியது. உறைபொருள் பொறுப்பாளராக, அனுபவத்தை முன்னிட்டு, ஜெயரட்ணம் நியமிக்கப்பட்டார். கையெழுத்துப் போட ஒரு பதிவேடும், அவருக்கு ஒரு தோள்பட்டியும் வழங்கப்பட்டன.

புதன்கிழமை, மண்டபத்தில் யாரும் இல்லாத நேரம், வெற்றி வேனிலிருந்து வால்வை எடுத்து வந்து அதற்கென்று விட்டு வைத்த இடத்தில் உட்கார வைத்தான். அரை நாள்கூட ஆகவில்லை. பாய்லர் பக்கத்தில் சுவர்ப் பெட்டிக்கு ஒரு சுவிட்ச் போட்டு, அதை அணைத்தும் விட்டான்.

"குளிர் வந்ததும் இதைப் போட்டுவிட்டுர்றேன்க்கா. அதுவரைக்கும் பெட்டி என்ன நெனைச்சாலும் பாய்லருக்குக் கேக்காது. சிலிண்டர் கேட்டா மட்டும் எரியும்."

"அவையள் கேட்டா?"

"கவுன்சில் பிளான்ல இருக்குறதைத்தான் செஞ்சிருக்கேன். என்னைய யாரும் கேக்க மாட்டாங்க. கூட்டத்துல மணி அடிச்சதோட என்னைய மறந்துட்டாங்க."

அடுத்த சனிக்கிழமை ஐந்து ரேடியேட்டர்களும் ஆறிக் கிடந்தன. பத்து மணிக்கு ஜெயரட்ணம் தோள்பட்டியோடு வந்து, ஆரணன் முன்னிலையில் தேங்காய்ப்பூப் பொட்டலத்தைப் பெட்டியில் கட்டிப் பதிவேட்டில் ஒப்பமிட்டார். தலைவர் குழாயடிக்குப் போய் விரலை நீட்டினார். சூடு. இருபத்திரண்டு பெயர்ப் பலகையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"ஆரணன், மண்டபம் போன வாரம் மாதிரி வேகவில்லை, கவனித்தீர்களா?"

"ஓம் தலைவர். அண்டைக்கு முருங்கைக்காய். இண்டைக்குத் தேங்காய்ப்பூ. குறிப்பிலை போடுறன்."

பதினொரு மணிக்குப் பொறுப்பாளர் பொட்டலத்தை அவிழ்த்தார். அது சம்பலுக்குச் சரியான பதத்தில் இளகியிருந்தது. சமையலறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கையைக் குழாயில் காட்டி, அவசரமில்லாமல் சூடேற்றிக்கொண்டார்.

"பிள்ளை."

"சொல்லுங்கோ ஐயா."

"வாற சனி முருங்கைக்காயைக் கட்டட்டே? குழம்பு சாப்பிட்டுக் கனநாளாப் போச்சு."